மான் வேட்டைக்கு ஆரஞ்சு உடுப்பு: எது செல்லும், எது செல்லாது?

கேள்வி: அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். அலுவலக நண்பர்களோடு முதன்முறையாகத் துப்பாக்கி சீசனில் மான் வேட்டைக்குப் போகிறேன். கையில் ஒரு கேமோ (காட்டோடு கலந்து மறையும்படி இலைதழை அச்சிட்ட) ஜாக்கெட்டும், சாலைப் பணியாளர்கள் போடும் மஞ்சள்-பச்சை வெஸ்ட்டும் இருக்கின்றன. இவை போதுமா? பளிச்சென்று போட்டால் மான் ஓடிவிடாதா?

பதில்: போதாது. அந்த மஞ்சள்-பச்சை வெஸ்ட் சாலைக்குச் சரி, வேட்டைச் சட்டத்தில் செல்லாது. மற்ற வேட்டைக்காரர்கள் உங்களை மானென்று நினைத்துச் சுட்டுவிடாமலிருக்க ஆரஞ்சுதான் வேண்டும். உங்கள் மாநிலத்தில் வழக்கமான துப்பாக்கி சீசனில் தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்துக் குறைந்தது 250 சதுர அங்குலம் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு இருக்க வேண்டும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அது தெரியவும் வேண்டும். பிரிண்டரில் வைக்கும் லெட்டர் சைஸ் தாள் ஒன்று 93.5 சதுர அங்குலம்; ஆக, மூன்று தாளுக்கும் சற்றுக் குறைவான பரப்பு. ஒரு தொப்பி, ஒரு வெஸ்ட் வாங்கி அந்தக் கேமோ ஜாக்கெட்டுக்கு மேலேயே போட்டுக்கொள்ளுங்கள். வெஸ்ட்டைக் கொஞ்சம் பெரிய சைஸில் வாங்குங்கள், குளிருக்கு உள்ளே இன்னும் இரண்டு சட்டை ஏறும்.

சாதாரண ஆரஞ்சு டி-ஷர்ட் கணக்கில் வராது. ஃப்ளோரசன்ட் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் நீல ஒளியையும் வாங்கி ஆரஞ்சாகத் திருப்பித் தருகிறது. அதனால்தான் விடியற்காலையிலும் மாலை மங்கும்போதும் தனித்துத் தெரிகிறது. மான் நடமாடுவதும், ஆட்கள் அவசரப்பட்டுச் சுடுவதும் அந்த நேரத்தில்தான். வெயிலிலும் துவைப்பிலும் இந்தச் சாயம் வெளுக்கும். பழைய வெஸ்ட்டைப் புதிய ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோகையாகத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

இனி மானின் கண். நமக்கு நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டுதான். சிவப்புப் பக்கத்து நிறங்களைப் பிரித்தறியும் வகை அதற்கு இல்லை. உங்கள் ஆரஞ்சு அதற்கு மங்கலான ஒரு நிறம், அவ்வளவுதான். ஆனால் நீலம் நன்றாகவே தெரியும், புற ஊதாவும் ஓரளவு தெரியும். ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். துணியைப் பளிச்சென்று காட்டும் பிரைட்னர் கலந்த சோப்புத்தூளில் துவைக்கவும் வேண்டாம். இதையெல்லாம் விட, கை காலை ஆட்டாமல் உட்காருவது முக்கியம். மான் பெரும்பாலும் கண்டுகொள்வது அசைவையும் வாடையையும்தான்.

பலர் கோட்டை விடுவது முதுகில். வெஸ்ட்டுக்கு மேல் பை மாட்டினால் பின்பக்க ஆரஞ்சு மறைந்துவிடும். பைக்கும் ஒரு ஆரஞ்சு உறை போடுங்கள். வெள்ளைக் கைக்குட்டை, வெள்ளைக் கையுறை அறவே கூடாது. அங்கே வேட்டையாடுவது வெள்ளைவால் மானை. மிரண்டால் அது வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டும். புதருக்குப் பின்னால் நீங்கள் மூக்கைத் துடைக்க, எதிரே இருப்பவர் என்ன நினைப்பார்?

வேறு மாநிலத்துக்குப் போனால் கணக்கு மாறும். கொலராடோவில் 500 சதுர அங்குலம். ஃப்ளோரசன்ட் பிங்க்கும் செல்லும், ஆனால் கேமோ அச்சிட்ட ஆரஞ்சு செல்லாது. விஸ்கான்சினில் இடுப்புக்கு மேல் வெளியே தெரியும் உடையில் பாதியாவது ஆரஞ்சோ பிங்க்கோ இருக்க வேண்டும். போகுமுன் அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், மான் கிடைத்துவிட்டது என்று வெஸ்ட்டைக் கழற்றிவிடாதீர்கள். இழுத்துக்கொண்டு வரும்போது மானின் கொம்பிலும் உடலிலும் ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்டிவிடுங்கள்.