மழைக்கு முன் கூரை ஏற வேண்டும்: சிறு திட்டங்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு முன்பள்ளிக் கட்டட வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பருக்குள் முடிக்க வேண்டும். நான்கு மாதம் போதும்தானே? (ஒட்டுசுட்டான்)

பதில்: உங்கள் கையில் இருப்பது நான்கு மாதம் அல்ல, ஏழு கிழமைதான். ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு வன்னியில் வெட்டிய குழியில் தண்ணீர் நிற்கும், மணல் லோட் உள்வீதியில் புதையும், மேசனும் வயல் விதைப்புக்குப் போய்விடுவார். அரச நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிவதால் பில்லையும் அதற்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே கூரை ஏற வேண்டிய நாளைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஒரு சிறிய கட்டடத்துக்கு உதாரணக் கணக்கு: குழி வெட்ட 4 நாள், அத்திவாரம் 8, சுவர் 12, சுவர் உச்சியைச் சுற்றி ஓடும் மேல் வளையத்துக்குப் பலகை அடித்துக் கொங்கிறீட் போட 3, அதை நனைத்து வைக்க 7, கூரை 8. மொத்தம் 42 நாள். கிழமைக்கு ஆறு நாள் வேலை என்றால் சரியாக ஏழு கிழமை. இவை ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கக்கூடியவை. இதில் எங்கே ஒரு நாள் பிந்தினாலும் முழுக் கட்டடமும் ஒரு நாள் பிந்தும். 1950களின் கடைசியில் டூபொன்ட் இரசாயனக் கம்பனி தன் ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய முறை இது. நாள் குறைகிறது என்று நனைக்கும் ஏழு நாளில் மட்டும் கை வைக்காதீர்கள். கொங்கிறீட் காய்ந்து வெடிக்கும்.

பெரும்பாலும் இடறுவது இந்தத் தொடருக்கு வெளியே இருக்கும் ஒரு பொருளால்தான். கதவு நிலையைப் பாருங்கள். சுவர் வேலை 13ஆம் நாள் தொடங்குகிறது, கதவு நிலை அன்றே நிமிர்ந்து நிற்க வேண்டும். தச்சருக்கு 15 நாள் தேவை. குழி வெட்டும் நாளில் அவரிடம் சொன்னால் நிலை வருவது 16ஆம் நாள். மூன்று நாள் மேசன் சும்மா இருப்பார், அல்லது வேறு வேலைக்குப் போய் ஒரு கிழமை கழித்து வருவார். குழி வெட்ட ஒரு கிழமைக்கு முன்பே தச்சரிடம் அளவு கொடுத்துவிடுங்கள். கதவு நிலையை முதலில் கேளுங்கள். யன்னல் நிலை சுவர் மூன்றடி எழுந்த பிறகு வந்தாலும் போதும். உட்பூச்சையும் நிலத்தையும் மழைக்குள் கூரையின் கீழ் செய்யலாம். அவற்றை நினைத்து இப்போது கலங்க வேண்டாம்.

கேள்வி: மேசன் பத்து நாள் என்றால் பதினாறு நாள் ஆகிறது. எப்படி நாள் கணிப்பது? (மாங்குளம்)

பதில்: ஒரே ஒரு எண்ணைக் கேட்காதீர்கள். எல்லாம் ஒத்து வந்தால் எத்தனை நாள், வழமையாக எத்தனை, மோசமானால் எத்தனை என்று மூன்றாகக் கேளுங்கள். 8, 11, 20 என்கிறார் என்று வைப்போம். நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்தால் 12. அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணை வேலைக்காக 1958இல் கொண்டுவந்த கணக்கு இது. கணக்கைவிட அடுத்த கேள்விதான் முக்கியம்: "எதால அண்ணை இருபது ஆகும்?" மணல் அனுமதிப்பத்திரம் பிந்தும், கையாள் வரமாட்டார் என்று அவரே சொல்லுவார். அவற்றுக்கு அன்றைக்கே வழி பாருங்கள்.

மேலதிக நாட்களை ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒளித்து வைக்காமல், முழுவதையும் கடைசியில் ஒரே இடத்தில் வையுங்கள். உள்ளே வைத்த நாள் எப்படியும் செலவாகிவிடும்.

கேள்வி: வேலை பாதியில் நிற்கும்போது பெற்றோர் விறாந்தையும் போட்டுத் தரச் சொல்கிறார்கள். மறுக்க மனம் வரவில்லை. (நெடுங்கேணி)

பதில்: மறுக்கவும் வேண்டாம், வாயால் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன கூடுகிறது, எவ்வளவு காசு, எத்தனை நாள், யார் ஒப்பம். 24 அடி நீளம், 8 அடி அகலம், 4 அங்குலத் தடிப்பு என்றால் நிலக் கொங்கிறீட் மட்டும் 64 கன அடி. 1:2:4 கலவையில் (ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல்) 11, 12 பை சீமெந்து போகும். தூணும் கூரை நீட்டலும் வேறு. இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, "எதைக் குறைத்து இதைச் செய்வோம்?" என்று கேளுங்கள். காசு தருபவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் செய்த மேலதிக வேலைக்கு பில் பாஸாகாது, கடன் சங்கத்தின் தலையில் விழும்.

அடுத்த முறை தொடக்கத்திலேயே இரண்டு பட்டியல் போடுங்கள். செய்யப்போவது ஒன்று, செய்யாதது மற்றது. இரண்டாவதைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள்.

கேள்வி: பொருளாளர் விலை ஏறும் என்று நூறு பை சீமெந்தையும் ஒரேயடியாக வாங்கச் சொல்கிறார். (புதுக்குடியிருப்பு)

பதில்: வேண்டாம். அடுத்த இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். மூன்று மாதம் கிடந்த சீமெந்து வலு குறையும், ஈரம் பட்டால் கட்டியாகும். நிலத்திலிருந்து ஆறு அங்குலம் உயர்த்திய பலகையில், சுவரிலிருந்து ஓரடி விலக்கி, பத்துப் பைக்கு மேல் உயராமல் அடுக்குங்கள். முதலில் வந்ததை முதலில் எடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: கையிலுள்ள காசு முழுவதும் பையாக மாறினால் சனிக்கிழமைக் கூலிக்கு எங்கே போவது?

கேள்வி: தொழில்நுட்ப உத்தியோகத்தர் அத்திவாரத்தின் ஒரு பகுதியை பில்லில் வெட்டிவிட்டார். போட்டது உண்மை. (கிளிநொச்சி)

பதில்: மண் மூடியதை யாராலும் அளக்க முடியாது. மூடப்படும் வேலை எதுவானாலும், குழி, கம்பி, அத்திவாரக் கல் எல்லாம், மூட முன்னர் அவரை வரவழைத்து அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வர இரண்டு நாள் ஆகும் என்றால் அந்த இரண்டு நாளையும் அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். அளவு நாடாவை விரித்து வைத்து, எண் தெரியும்படி படமும் எடுங்கள்.

கேள்வி: நிர்வாக சபையில் பதினொரு பேர். ஆளுக்கொரு சொல் சொல்வதால் மேசன் கோபித்துக்கொண்டு போய்விட்டார். (முள்ளியவளை)

பதில்: பதினொரு பேர் ஒருவரோடொருவர் கதைத்தால் 55 வழி. அதில் ஒரு வழியால் மட்டும் மேசனுக்குச் சொல் போகட்டும். ஒருவரைத் தெரிந்து கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். மற்றவர்கள் குறை கண்டால் அவரிடம் சொல்லட்டும். மேசனை வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள், அந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு.

கேள்வி: மூன்று கிழமையாக "தொண்ணூறு வீதம் முடிந்தது" என்றே சொல்கிறார்கள். (வவுனிக்குளம்)

பதில்: வீதம் கேட்காதீர்கள். வேலையை இரண்டு, மூன்று நாள் துண்டுகளாகப் பிரித்து, முடிந்ததா இல்லையா என்று மட்டும் கேளுங்கள். முடியாத துண்டுக்குச் சுழியம். இதற்குக் கணினி தேவையில்லை. சுவரில் ஒட்டிய ஒரு தாளில் வேலை, தொடங்கும் நாள், முடியும் நாள், பொறுப்பாளி என்று நான்கு நிரல் போதும்.