ஆங்கிலச் சொற்களைக் கற்பித்தல்: ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

பாடநூலில் தடித்த எழுத்தில் உள்ள சொற்கள் அனைத்தையும் வகுப்பில் நடத்த வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆங்கிலக் கல்வியாளர் மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே உள்ளன. ஆயினும் சாதாரண ஆங்கில உரைநடையின் பெரும்பகுதி அவற்றாலேயே ஆனது. வகுப்பு நேரத்தை முதலில் அவற்றுக்கே ஒதுக்குங்கள். நாவலையோ நாளிதழையோ துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்பது சொற்கற்றல் ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் செய்த கணிப்பு. அவ்வளவையும் எந்த ஆசிரியராலும் நடத்தி முடிக்க இயலாது. மாணவர் தாமே நிறையப் படித்துத்தான் அந்த எண்ணிக்கையை எட்ட முடியும்.

'லெஃப்ட்', 'ரைட்' இரண்டையும் ஒரே நாளில் நடத்தினேன். இடக்கையை உயர்த்தச் சொன்னால் பாதிப் பேர் வலக்கையை உயர்த்துகிறார்கள். என் பிழை எங்கே?

இரண்டையும் ஒரே நாளில் நடத்தியதுதான் பிழை. எதிர்ச்சொற்களும் ஒரே இனத்துச் சொற்களும் சேர்ந்து அறிமுகமானால், எது எதற்குரியது என்ற குழப்பம் எழுகிறது. இத்தகைய தொகுதிகளைக் கற்க அதிக முயற்சிகள் தேவைப்படுவதை ஆய்வாளர் தாமஸ் டிங்காம் 1990-களில் நடத்திய சோதனைகள் காட்டின. நிறங்களுக்கு ஒரு பக்கம், பழங்களுக்கு ஒரு பக்கம் என்று பாடநூல்கள் அடுக்குவது அச்சிடுபவருக்கு வசதி, கற்பவருக்கு அன்று. 'லெஃப்ட்' என்பதை மட்டும் நன்றாகப் பதியவைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து 'ரைட்' என்பதற்கு வாருங்கள். தொகுத்தே நடத்த விரும்பினால், 'பஸ்', 'வெயிட்', 'டிக்கெட்', 'லேட்' என ஒரே நிகழ்வில் வரும், வெவ்வேறு வகையைச் சேர்ந்த சொற்களைத் தேர்ந்தெடுங்கள்.

தாய்மொழியில் பொருள் சொல்லலாமா?

தாராளமாக. 'ஆல்தோ' என்பதை ஆங்கிலத்திலேயே விளக்கப் பத்து நிமிடம் திணறுவதைவிட, 'இருந்தபோதிலும்' என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தை எடுத்துக்காட்டுகளுக்குச் செலவிடலாம்.

பொருளைச் சரியாகச் சொல்கிறார்கள். எழுதும்போது மட்டும் 'டூ எ மிஸ்டேக்' என்கிறார்கள். ஏன்?

தமிழில் தவறும் செய்கிறோம், வீட்டுப்பாடமும் செய்கிறோம். ஆங்கிலமோ முன்னதற்கு 'மேக்', பின்னதற்கு 'டூ' என்று பிரித்துவைத்திருக்கிறது. ஆகவே 'மிஸ்டேக்' என்று தனியே எழுதிப்போடாமல், 'மேக் எ மிஸ்டேக்' என்று முழுத் தொடராகவே கரும்பலகையில் எழுதுங்கள். மாணவர் ஏட்டில் தாளை நெடுக்காக மடித்து, ஒரு பக்கம் தமிழையும் மறுபக்கம் ஆங்கிலத் தொடரையும் எழுதி, தமிழை மட்டும் பார்த்து மற்றதை நினைவிலிருந்து சொல்லட்டும். மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். தடுமாறிய தொடரை மட்டும் மீண்டும் மறுநாள் வரிசைக்குக் கொண்டுவந்தால் போதும்.