பனி தள்ள வரும் அயலவர்மீது அப்பாவுக்கு ஏன் கோபம்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாங்கள் கனடாவில், ஸ்காபுறோவில் வசிக்கிறோம். அப்பாவுக்கு வயது 69. அம்மா இல்லை. கடந்த ஒக்ரோபரில் அப்பாவுக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. பனிக்காலம் தொடங்கியதிலிருந்து பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ குடும்பத்தின் மூத்த பையன், யாரும் கேட்காமலே எங்கள் டிரைவ்வேயிலும் பனி தள்ளிவிடுகிறான். அப்பா அவனுக்கு ஒரு உறையில் 20 டொலர் வைத்துக் கொடுத்தார். அவனுடைய தாய் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பித் தந்துவிட்டார். அன்றிலிருந்து, "என்னைப் பிச்சைக்காரனாக்கிவிட்டார்கள்" என்று அப்பா புலம்புகிறார். போன வாரம் அந்தப் பையன் வருவதற்கு முன்பே, இருட்டோடு எழுந்து தானே பனி அள்ளும் சவலோடு இறங்கிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் தொலைபேசியில் சொல்ல, வேலையிலிருந்து ஓடிவந்து சண்டை பிடித்தேன். சவலை என் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது அப்பா என்னோடு பேசுவதில்லை.

2013 டிசம்பரில் உறைமழை பெய்து ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனபோது, எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. முன்பின் பழகாதவர்களையும் உள்ளே அழைத்துச் சோறு போட்டவர் இதே அப்பா. கோடையில் பின்வளவில் காய்க்கும் பாகற்காயையும் தக்காளியையும் தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்புவார். அப்படிப்பட்டவருக்கு என்ன நடந்தது?

ஒரு மகள், ஸ்காபுறோ

அன்புள்ள மகளுக்கு,

முதலில் உடம்பைப் பார்ப்போம். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கி வீசினால் இருதயம் திணறும். மாநகர வண்டி தெருவை வழித்துவிட்டு வாசலில் குவித்துப்போகும் கட்டிப் பனி இன்னும் மோசம். கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பெரும் பனி கொட்டிய மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதைக் கண்டார்கள். பெண்களிடம் அப்படிக் காணவில்லை. எந்த வீட்டிலும் சவலைத் தூக்குவது பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும். அப்பாவுக்கோ சத்திரசிகிச்சையில் பிளந்த நெஞ்செலும்பு பொருந்தவே ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும்.

ஆனால் இதை அவரிடம் சொல்ல வேண்டியவர் இருதய மருத்துவர். அடுத்த சந்திப்பில், "அப்பா பனி தள்ளலாமா?" என்று அப்பாவின் எதிரிலேயே கேளுங்கள். பிறகு சவலைத் திருப்பி வையுங்கள். மகள் பொருளை ஒளித்துவைக்கும் வீட்டில் ஒரு தகப்பன் எப்படி முகம் கொடுத்துப் பேசுவார்?

அவருடைய கோபம் அந்தப் பையன்மீது என்று நான் நினைக்கவில்லை. ஊரில் வேலி அடைக்கும் நாளில் அயலவர் வந்து ஓலை எடுத்துக் கொடுப்பார்கள். அதை யாரும் பிச்சை என்று சொன்னதில்லை, ஏனென்றால் அடுத்த கிழமை அவர்கள் வேலிக்கு இவர் போவார். இங்கே அவருடைய முறை வரவே இல்லை. காசு கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்த்தார், அதுவும் திரும்பி வந்துவிட்டது. அந்தத் தாய் அன்பாகச் செய்தது இவருக்கு அவமதிப்பாகப் பட்டிருக்கிறது.

ஆகவே அவருக்கு ஒரு முறை வர வழி செய்யுங்கள். அப்பாவிடம் உபதேசம் வேண்டாம். பக்கத்து வீட்டுத் தாயிடம் தனியாகப் பேசுங்கள். பனிநாளில் பள்ளி பஸ் ஓடாதபோது சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேவையா? வேலைக்குப் போயிருக்கும்போது வரும் பார்சல்களை எடுத்துவைக்க வேண்டுமா? பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர் அந்தத் தெருவுக்கே பெரிய உதவி. அந்தத் தாயே தன் வாயால் அப்பாவிடம் கேட்கட்டும். நீங்கள் ஏற்பாடு செய்தது என்று தெரிந்தால் காரியம் கெட்டுவிடும். இன்னொன்று: பாகற்காய் பிலிப்பினோ சமையலிலும் உண்டு, முருங்கையிலையும் அப்படித்தான். வரும் கோடையில் விளைச்சல் போகும் வீடுகளில் இந்த வீடும் சேரட்டும்.

இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்கு மனச்சோர்வு வருகிறது. ஆண்களிடம் அது அழுகையாக அல்லாமல் எரிச்சலாகவே வெளிப்படுவதுண்டு. நித்திரையும் பசியும் குறைந்து, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சு இறுகினாலோ, கை அல்லது தாடை வலித்தாலோ, வியர்த்தாலோ உடனே 911. அந்த எண்ணை எப்போது அழைப்பது என்று பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் வேலையில் இருக்கும்போது அருகில் இருப்பவன் அவன்தான்.