ரீசார்ஜுக்குள் ஒளிந்திருக்கும் 45 ரூபாய்: பத்தாம் வகுப்புக்கு வரியைச் சொல்லித் தருவது எப்படி?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே அரசுப் பள்ளி ஆசிரியை நான். நேர்முக வரி, மறைமுக வரி என்று பிள்ளைகள் மடமடவென ஒப்பிக்கிறார்கள். ஆனால், "எங்க வீட்ல மாந்தோப்புதான் மிஸ், நாங்க வரியே கட்டறதில்ல, எதுக்குக் கட்டணும்?" என்றும் கேட்கிறார்கள். மூன்று பாடவேளை இருக்கிறது. எப்படி நடத்தலாம்?

பதில்: வரையறையை ஓரமாக வையுங்கள், பில்லில் தொடங்குங்கள். ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு வரும் பில்களைச் சேர்க்கச் சொல்லுங்கள்: மளிகை, மருந்து, செருப்பு, பூச்சிமருந்து, செல்போன் ரீசார்ஜ். பெயர், போன் நம்பர் இருந்தால் பேனாவால் அடித்துவிட்டுக் கொண்டு வரட்டும்.

முதல் பாடவேளை முழுக்கக் கணக்கு. 299 ரூபாய் ரீசார்ஜுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பாதிப் பேர் 299-க்கு 18 சதவீதம் போட்டு 53.82 என்பார்கள். வரி அந்த 299-க்குள்ளேயே அடக்கம் என்பதால் அது தப்பு. 299 × 18 ÷ 118 = 45.61 என்பதே சரி. எம்.ஆர்.பி. அச்சிட்ட எந்தப் பொருளுக்கும் இதே வழிதான். 42 ரூபாய் நிப்பட்டு (தட்டை) பாக்கெட்டுக்கு 5 சதவீதம் என்றால் 42 × 5 ÷ 105, அதாவது 2 ரூபாய். அதில் ஒன்று மத்திய அரசுக்கு, ஒன்று மாநில அரசுக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் மாறிவிட்டதால், பழைய பில்லிலும் பழைய புத்தகத்திலும் உள்ள 12, 28 சதவீதங்களை வைத்துக் கணக்குப் போட விடாதீர்கள். நோட்டுப் புத்தகம், பென்சிலுக்கு இப்போது வரியே இல்லை.

ஆளுக்கொரு பில்லைக் கணக்குப் போட்டு முடித்த பிறகு தோப்பு விஷயத்துக்கு வாருங்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, மாங்காயாக விற்றால் ஜிஎஸ்டியும் கிடையாது. அந்தப் பிள்ளை சொன்னதில் அவ்வளவு உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அதே பெங்களூரா ரக மாங்காய் கூழாகி டின்னில் ஏறினால் 5 சதவீதம். தோப்புக்கு அடிக்கும் ரசாயனப் பூச்சிமருந்துக்கு 18.

பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். 15 இலக்கம், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கியிருந்தால் 29. அந்த பில்லின் மாநிலப் பங்கு கர்நாடகத்துக்குப் போகிறது. அதே பொருளை பெங்களூரு வியாபாரியிடம் ஆன்லைனில் வாங்கி ஊருக்கு வரவழைத்தால் பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஜிஎஸ்டி) என்று இருக்கும், மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக்கு வந்து சேரும். எல்லை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

யாராவது வரி போடாத பில்லைக் காட்டி "கடைக்காரர் ஏமாத்துறார்" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். பொதுவாக, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாத பொருள் வியாபாரி பதிவு செய்யவே தேவையில்லை. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தானே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் பில்லில் வரி வசூலிக்கவே கூடாது. ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி வாங்கும் பில்தான் சந்தேகத்துக்குரியது.

இரண்டாம் பாடவேளை, பணம் எங்கே போகிறது என்பது. "நீ கொடுத்த 2 ரூபாயில்தான் இந்த ரோடு" என்று சொல்லிவிடாதீர்கள். அரசுக்கு வரும் வரி தொகுப்பு நிதி என்ற ஒரே பொதுக் கணக்கில் கலந்துவிடும், ரூபாய்க்கு ரூபாய் தடம் பிடிக்க முடியாது. கண்ணெதிரே பார்க்கக்கூடியது ஊராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி. ரசீதைக் கொண்டு வந்து கதவு எண், எந்த ஆண்டுக்கானது, பாக்கி உண்டா என்று படிக்கட்டும்.

பிறகு ஐந்து பேர் குழுவுக்கு 100 புளியங்கொட்டை கொடுங்கள். தெருவிளக்கு, குடிநீர் மோட்டாரின் கரண்ட் பில், தூய்மைக் காவலர், டேங்க் ஆப்பரேட்டர், சாக்கடை, ரோடு, விளையாட்டுத் திடல் என்று பங்கிடச் சொல்லுங்கள். முதல் சுற்றில் திடலும் ரோடும் குவியும், கரண்ட் பில் காலியாக இருக்கும். அந்தக் குழுவின் ஊரில் இன்று தண்ணீர் வராது என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டாம் சுற்றுக்கு விடுங்கள். விளக்கவுரை வேண்டாம். நிஜத்தில் ஊராட்சிக்கு வீட்டு வரியைத் தவிர அரசு மானியமும் வருகிறது என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது போய் உட்காரலாம்.

"எதுக்குக் கட்டணும்?" என்பதற்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்து குடித்தால் பல்லில் காவிக் கறை விழும், அளவு கூடினால் எலும்பும் பாதிக்கும். ஊர்ப் பெரியவர்கள் சிரிக்கும்போது பிள்ளைகளே பார்த்திருப்பார்கள். எவ்வளவு வசதியான வீடும் தனியாகக் காசு போட்டுக் காவிரியைத் தன் வாசலுக்குக் கொண்டுவர முடியாது. சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம், 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் ஜப்பான் அரசின் ஜைக்கா நிறுவனம் கொடுத்த கடனும் உண்டு. கடனைத் திருப்பிக் கட்டுவது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

இடையில் கிருஷ்ணகிரி டோல்கேட்டை யாராவது இழுப்பார்கள். அது கட்டணம், ரோட்டில் போகிறவர் மட்டும் கொடுப்பது. இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடலாம்.

மூன்றாம் பாடவேளையில் முதல் பாதி விவாதம். மாங்காய் பறிக்கும் கூலியாளுக்கும் டாக்டருக்கும் அதே ரீசார்ஜில் அதே 45.61 ரூபாய். இது நியாயமா? தீர்ப்பு சொல்லாமல் விடுங்கள். வருமான வரி ஏன் படிப்படியாக ஏறுகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மறு பாதிக்குச் சம்பளச் சீட்டு. ஐடிஐ, டிப்ளமோ முடித்து ஓசூர் கம்பெனியில் 17,000 ரூபாய்க்குச் சேருகிறவர் என்று வைத்து, கரும்பலகையில் ஒரு மாதிரிச் சீட்டு எழுதுங்கள். பிடித்தத்தை எல்லாம் வரி என்று நினைப்பார்கள். பி.எஃப். 12 சதவீதம் அவர் சேமிப்பு, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் மருத்துவக் காப்பீடு. தொழில் வரி மட்டுமே வரி. அது உள்ளாட்சிக்குப் போவது, ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆண்டு வருமானம் 2,04,000 என்பதால் வருமான வரி வராது, புதிய வருமான வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே இல்லை. ஆனால் சம்பளமாக இல்லாமல் ஒப்பந்தத் தொகையாகக் கொடுத்து டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். பான் கார்டில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே சரிபார்த்து வைக்கச் சொல்லுங்கள். இனிஷியலில்தான் முக்கால்வாசி சிக்கல்.