சேலை கட்டினால் வகுப்பு அடங்குமா?

கேள்வி: பி.எட். முடித்த எனக்கு மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை பள்ளி திறக்கிறார்கள். ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல். சேலைதான் கட்ட வேண்டும், அதன் மேல் பள்ளியில் தரும் கோட்டும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சிக்குப் போனபோது சேலை கட்டியதோடு சரி, எனக்குப் பழக்கமில்லை. சுடிதார் போட்டால் பிள்ளைகள் மதிக்க மாட்டார்களா? ஓய்வுபெற்ற டீச்சரான என் பெரியம்மை, “சேலையும் கையில ஒரு கம்பும் இருந்தாத்தான் பிள்ளைய அடங்கும்” என்கிறார். முதல் நாள் என்ன நிறம் உடுத்தலாம், பூ வைக்கலாமா, ஹீல்ஸ் போடலாமா?
– பெயர் வேண்டாம், திருவட்டாறு.

பதில்: டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். திங்கட்கிழமை முதல் ஊரே அப்படித்தான் கூப்பிடப் போகிறது.

உங்கள் கடிதம் இதைவிட மூன்று மடங்கு நீளம். இடமில்லாமல் சுருக்கியிருக்கிறோம். நிறம், கரை, பூ, கோட்டு, செருப்பின் உயரம் என்று எதையும் விடாமல் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளிடம் முதலில் என்ன பேசுவது என்பதைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. பயம் வந்தால் கைக்கு எட்டுவதைத்தான் மனசு பிடித்துக்கொள்ளும். பீரோவைத் திறந்தால் சேலை இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. அதனால் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

பெரியம்மையின் யோசனையில் பாதி சட்ட விரோதம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. கம்பை அவர் வீட்டுப் பரணிலேயே விட்டுவிடுங்கள். மிச்சம் சேலை. அது மட்டும் எந்த வகுப்பையும் அடக்கியதில்லை. மடிப்புக் கலையாத சேலையில் போகிற டீச்சரின் வகுப்பில் சந்தை இரைச்சலும், பக்கத்து வகுப்பில் சாதாரணப் புடவையில் நின்று, அதட்டிப் பேசத் தெரியாத ஒரு ஒல்லிப் பெண்ணுக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

உடுப்பில்தான் மரியாதை என்ற பேச்சை வேறு எங்காவது பேசினாலும் பரவாயில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் பேசுகிறவர்கள் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும். யார் எதை உடுத்தலாம் என்று அரசாங்கமே உத்தரவு போட்ட மண் இது. திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. கிறிஸ்தவரானவர்கள் குப்பாயம், அதாவது ரவிக்கை போன்ற சட்டை, போடலாம் என்று 1814-ல் ஆங்கிலேயரின் பிரதிநிதி கர்னல் மன்றோ அனுமதித்தார். 1829-ல் வந்த அரசு அறிக்கை குப்பாயத்தோடு நிறுத்திக்கொள், மேல்சீலை கூடாது என்றது. இந்தச் சண்டையில் பெண்களின் சீலையைக் கிழித்தார்கள், பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். கடைசியில், சென்னை ஆளுநர் டிரவெலியனின் நெருக்குதலுக்குப் பிறகு, 1859 ஜூலை 26-ஆம் தேதி மகாராஜா இறங்கிவந்தார். அப்போதும் எப்படி? குப்பாயம் போடலாம், கடற்கரையில் முக்குவ மீனவப் பெண்கள் கட்டுவதுபோல் முரட்டுத் துணி கட்டலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம், மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் கூடாது! ஆண்கள் கதையும் இதுதான். தலையில் துணி கட்டக் கூடாது என்றிருந்த காலத்தில், தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து வழிபடச் சொன்னார் அய்யா வைகுண்டர். அவருடைய பதி இருக்கும் சாமித்தோப்பில் இன்றைக்கும் ஆண்கள் அப்படித்தான் உள்ளே போகிறார்கள்.

நீங்கள் சமூக அறிவியல் டீச்சர் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையைப் பற்றிய பாடத்தில் இந்தப் போராட்டமும் இருந்தது. 2019-ல் அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, நடந்தது உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டிமாருக்குப் பாட்டிமார் காலத்தில்.

சுடிதாருக்கு வருவோம். 2019-ல் தமிழகத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை ஆணையிலேயே சேலையோடு சல்வார் கமீஸும் துப்பட்டா போட்ட சுடிதாரும் இருக்கின்றன. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். ஆசிரியைகளைச் சேலை கட்டச் சொல்லி நிர்வாகங்கள் வற்புறுத்தக் கூடாது என்று அங்கே உயர்கல்வித் துறை 2021-ல் சுற்றறிக்கையே விட்டது. கோட்டையில் கோப்புப் பார்க்கப் போதுமான உடுப்பு, ஏழாம் வகுப்பில் அட்லஸ் விரிக்க மட்டும் போதாதாம். ஆனால் இவை எதுவும் உங்கள் தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஆகவே முதல் நாள் சேலையே கட்டிக்கொண்டு போங்கள். வேலையில் சேரும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனை, அவ்வளவுதான் காரணம். பஸ் டிரைவர் காக்கி போடுவதில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. மாற்ற வேண்டும் என்றால் ஒரு பருவம் போகட்டும், கூட இருக்கிற டீச்சர்மாரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். தனி ஆளாக, அதுவும் முதல் நாளே, சுடிதாரில் போய் நின்றால் உடுப்புதான் பேச்சாக இருக்கும். நீங்கள் நடத்தின பாடத்தை யாரும் பேச மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அந்தச் சேலையைக் கட்டிப் பாருங்கள். சுவரில் எட்டுகிற உயரத்தில் எழுதுவதுபோலக் கையைத் தூக்குங்கள். ஜாக்கெட் கக்கத்தில் இழுத்தால் வேறு ஜாக்கெட். குனிந்து கட்டில்மேல் ஒரு நோட்டைத் திருத்துங்கள். முந்தானை நோட்டில் வந்து விழுந்தால் தோளில் இன்னொரு ஊக்கு. பையிலும் நாலு ஊக்கு கிடக்கட்டும். கஞ்சி போட்ட காட்டன் இப்போது வேண்டாம். இடவப்பாதி மழையில் திருவட்டாறில் பஸ் ஏறி, நெரிசலில் நின்று, மார்த்தாண்டத்தில் இறங்கும்போது கஞ்சியும் இருக்காது, மடிப்பும் இருக்காது. கறுப்பு, கருநீலம் இரண்டிலும் சாக்பீஸ் தூள் பளிச்சென்று தெரியும், வெளிர் நிறம் எடுங்கள். பூ தாராளமாக வையுங்கள், தோவாளைப் பிச்சி ஒரு முழம். ஹீல்ஸ் வேண்டாம். நனைந்த வராந்தாவில் வழுக்கினீர்கள் என்றால் உங்கள் வட்டப்பெயர் முதல் பீரியடுக்கு முன்பே முடிவாகிவிடும்.

இனி நீங்கள் கேட்காதது. அரை மணி நேரம் முன்னதாகப் போய், வகுப்பு எது என்று பாருங்கள். பலகையில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படியுங்கள். சன்னல் வெளிச்சத்தில் எந்தப் பக்கம் எழுத்து மறைகிறதோ அந்தப் பக்கம் வருஷம் முழுக்க எழுதாதீர்கள். வருகைப் பதிவேட்டை முந்தின நாளே கேட்டு வாங்க முடிந்தால் வாங்கிப் பெயர்களைப் படித்துவிடுங்கள். நம் ஊர் வகுப்பு, அஜின், அபின், ஜெபின், சுபின் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பான்கள். அபினை ஜெபின் என்று கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். மூன்றாம் நாள், திரும்பிப் பார்க்காமல் பலகையில் எழுதிக்கொண்டே “சுபின், பேச்சு போதும்” என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சத்தமின்மையை எந்தக் கடைச் சேலையும் வாங்கித் தராது. உங்கள் படிப்பு, மார்க், ஊர் எதையும் முதல் நாள் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எந்த பஸ், யார் ரப்பர் தோட்டம் தாண்டி நடந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். ஏழாம் வகுப்புப் புவியியல் அங்கேயே தொடங்கிவிடும்.

கோட்டு ஒன்றில்தான் எனக்கு உங்கள் நிர்வாகத்தோடு தகராறு. சேலை கட்டச் சொன்னது மரியாதைக்கு என்றால், அதை மூடக் கோட்டு எதற்கு? மழை விட்ட மதியப் புழுக்கத்தில், காற்றாடி சுற்றாத வகுப்பில், சேலைக்கு மேல் கோட்டு மாட்டி நிற்கிற டீச்சருக்கு எரிச்சல் வராமல் வேறென்ன வரும்? இந்தப் பக்கத்தை அவர்களும் படிப்பார்கள் என்பதால் நேரடியாகவே கேட்டுவைக்கிறேன்: ஆண் ஆசிரியர்களுக்குக் கோட்டு எப்போது தைக்கக் கொடுக்கப் போகிறீர்கள்?