வாலையும் சேர்த்தா அளந்தார்கள்?

விடுமுறை முடிந்ததும் வழக்கமாக மிக்சி, குக்கர் புகார்கள்தான் குவியும். இந்த முறை சினிமா ராட்சதப் பல்லி காட்ஸில்லாவும் ராட்சதக் குரங்கு கொங்கும் பொம்மை வடிவில் முந்திக்கொண்டுவிட்டார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஒருவர் பழைய காட்ஸில்லா பொம்மை விற்கிறார். 2014 படத்தினுடையது, 24 அங்குலம், பெட்டி இல்லை, 7,000 ரூபாய் என்கிறார். படங்கள் மட்டும் அனுப்பினார். நேரில் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?
— கொருக்குப்பேட்டை வாசகர்

போவதற்கு முன்பே ஒன்று கேளுங்கள், தம்பி. 24 அங்குலம் என்பது பாதத்திலிருந்து தலைவரை நிற்கும் உயரமா, மூக்கிலிருந்து வால் நுனிவரை நீளமா? பதில் இழுத்துக்கொண்டு வந்தால் பஸ் காசு மிச்சம்.

அந்தப் படம் வந்தபோது ஜாக்ஸ் பசிபிக் நிறுவனம் உண்மையாகவே 24 அங்குல உயரத்தில் ஒரு காட்ஸில்லாவை விற்றது. வாலோடு அளந்தால் மூன்றரை அடிக்கு மேல் போகும். அதே படத்துக்கு நெக்கா நிறுவனமும் 24 அங்குலம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் அது தலை முதல் வால் வரை உள்ள நீளம். நிற்கும் உயரம் ஏறக்குறைய பாதிதான். நெக்காவின் 12 அங்குல வரிசையும் இந்தக் கணக்குதான், நின்றால் முக்கால் அடிகூட வராது. தயாரித்தவர்கள் 'தலை முதல் வால் வரை' என்று சொல்லித்தான் விற்றார்கள். நம் ஊர் விற்பனையாளர் அந்த நான்கு சொற்களை மட்டும் விட்டுவிடுகிறார். காசிமேட்டில் வஞ்சிரம் வாங்குகிறவரும் தலை, வாலுக்குச் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். ஆனால் தராசு அவர் கண்முன் இருக்கிறது. இங்கே தராசே இல்லை, வெறும் புகைப்படம். அதையும் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்தால் உள்ளங்கை பொம்மைகூட கட்டடம் உயரத்துக்கு நிற்கும்.

இதில் எனக்குத் தனிக் கோபம் உண்டு. என் அலமாரியில் ஒரு கொங் இருக்கிறது. பொருட்காட்சிக் கடையொன்றில் 'ஒன்றரை அடி' என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டில் டேப் வைத்துப் பார்த்தால், தலைக்கு மேல் தூக்கிய முஷ்டியின் உச்சிவரை ஒன்றரை அடி. கையை இறக்கினால் ஓர் அடி. கொங்குக்குக் கோபம் வந்தால் என் கணக்கில் அரை அடி கூடுகிறது! அன்று முதல் அங்குலம் என்று யார் சொன்னாலும் எங்கிருந்து எங்கே என்று கேட்டுவிடுவேன். சட்டமும் நம் பக்கம்தான். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 11-ஆம் பிரிவு, மெட்ரிக் அளவை விட்டு வேறு அலகில் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. டி.வி. விற்கிறவர்கள் 80 செ.மீ. என்று போட்டுப் பக்கத்தில் 32 அங்குலம் என்று எழுதுவது அதனால்தான். பொம்மைக்காரர்களுக்கு மட்டும் யார் விலக்கு கொடுத்தார்கள்? அரசு முத்திரையிட்ட தராசு இல்லாத காய்கறிக் கடையில் சண்டை போடும் நாம், 7,000 ரூபாய் சாமானுக்கு ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொல்லக் கூச்சப்படுகிறோம். கூச்சப்படாதீர்கள்.

இனி நேரில். உயரமானதே உசத்தி என்று முடிவு கட்ட வேண்டாம். ஜாக்ஸ் பொம்மை உள்ளே வெற்று. மூட்டுகள் குறைவு, பெயின்ட் வேலை சாதாரணம். நெக்கா பொம்மை உயரத்தில் பாதி, செதுக்கலில் நேர்த்தி. முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அசல் தயாரிப்பில் அடியிலோ வால் அடிப்பகுதியிலோ நிறுவனத்தின் பெயரும் உரிமைக் குறியும் அச்சாகியிருக்கும். போலியில் அந்த இடம் மழுங்கியோ வெறுமையாகவோ இருக்கும். அடுத்து கழுத்து. 2014 காட்ஸில்லாவுக்குக் கழுத்தின் இரு பக்கமும் செவுள் கீற்றுகள் உண்டு, பாதங்கள் யானைக்கால்போல் தடித்தவை. சின்னஞ்சிறு கைகளும் உடம்பெங்கும் சிவப்புக் கீற்றுகளும் இருந்தால் அது 2016-இல் வந்த ஜப்பானியக் காட்ஸில்லா. எந்தப் படம் என்று விற்பவருக்கே தெரியவில்லை என்று அர்த்தம். கண்மணிக்கு அடித்த பெயின்ட் இமைக்கு வெளியே வழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முதுகுத் தகடுகளின் நுனிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவுங்கள். ஒடிந்ததை ஒட்டிக் கறுப்பு அடித்திருந்தால் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. வால் கழலும் வகை என்றால் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். பொருத்தும் இடத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தால் விரிசல் தொடங்கிவிட்டது. கடைசியாக, மேசையில் நிற்க வைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள். முன்னால் சாய்ந்தால் இடுப்பு மூட்டு தளர்ந்தது என்று பொருள், விலையில் பாதியைக் குறைத்துப் பேசுங்கள்.

ஒலி எழுப்பும் வகை என்றால் பேட்டரி மூடியைத் திறந்து பச்சைத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். என் வீட்டில் ஒரு டைனோசர் நன்றாக உறுமும். நிறுத்தத்தான் தெரியாது.

பெட்டியில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி.க்கு மேல் ஜி.எஸ்.டி. தனி, பில் வேண்டுமானால் அதையும் கட்டு என்கிறார் கடைக்காரர். கட்ட வேண்டுமா?
— பெரம்பூர்

வேண்டாம். எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் அடக்கம்.

என் மகன் ஒரு வருடம் சேர்த்த உண்டியல் பணத்தில் ஆன்லைனில் 45 செ.மீ. உயரக் காட்ஸில்லா கேட்டான். வந்தது என் கையளவு. திருப்பி எடுக்க மாட்டோம் என்று விற்பனையாளர் சொல்லிவிட்டார். பிள்ளை பெட்டியைக்கூடத் தொடவில்லை.
— திருவொற்றியூர் வாசகி

விடாதீர்கள், அம்மா. உங்கள் பக்கம் முழு நியாயமும் இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. 'ரிட்டர்ன் இல்லை' என்று அவர் எழுதி வைத்திருப்பது இதற்கு முன் நிற்காது. அந்த விளம்பரப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள். நாளை அளவை மாற்றிவிடுவார்கள். பொம்மையை ஸ்கேலோடு படம் எடுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள்: 48 மணி நேரத்துக்குள் கடிதம் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அப்படியும் அசையவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. உண்டியல் பணம் என்பதையும் மன உளைச்சலையும் மனுவில் எழுதுங்கள், அதற்கும் இழப்பீடு கேட்க இடம் உண்டு. பணம் வந்ததும் எனக்கு ஒரு வரி போடச் சொல்லுங்கள், உங்கள் மகனை.

மூன்று வயதுப் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக 9,000 ரூபாய்க்கு ஜப்பான் காட்ஸில்லா வாங்கினேன். முதுகுத் தகடு கன்னத்தில் கீறிவிட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இல்லை. கடை மேல் வழக்குப் போடலாமா?
— மாதவரம்

பெட்டியில் 15 வயதுக்கு மேல் என்று அச்சிட்டிருக்கும். படித்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள். 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பது 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு. பெரியவர்கள் அலமாரியில் வைத்துப் பார்க்கும் சிலை அந்தக் கணக்கில் வராது. குழந்தைப் பொம்மை என்று சொல்லி உங்களிடம் கடைக்காரர் விற்றிருந்தால் பேச இடம் இருக்கிறது. பில்லில் அப்படி ஏதாவது இருக்கிறதா? பேரனுக்குத் துணிப் பொம்மை வாங்கிக் கொடுங்கள். இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

சமூக ஊடகத்தில் பார்த்த பக்கத்துக்கு முன்பதிவு என்று 12,000 ரூபாய் யு.பி.ஐ.யில் அனுப்பினேன். நேற்று இரவு பக்கமே காணாமல் போய்விட்டது.
— வியாசர்பாடி

இந்தப் பத்தியைப் படித்து முடிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு இருக்கிறது. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். உங்களைத் திட்டுபவர்களுக்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம்.

வினைல் பொம்மை வாங்கி மூன்று வருடம். இப்போது கைவைத்தால் பிசுபிசுக்கிறது, ஒரு பக்கம் சாய்ந்தும் நிற்கிறது. போலியா?
— ராயபுரம்

போலியாக இருக்க வேண்டியதில்லை. வினைலை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் நம் கடலோரப் புழுக்கத்தில் மெல்ல வெளியே கசிகிறது. பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்திருந்தால் இன்னும் மோசம். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பு, மென்மையான பிரஷ், அவ்வளவுதான். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் பக்கத்தில் வரக் கூடாது, பெயின்ட் கையோடு வந்துவிடும். சாய்ந்த காலை வெந்நீரில் பிடித்து இளக்கி, நேராக்கி, அப்படியே குளிர்ந்த நீரில் அமுக்குங்கள். உள்ளே மின்சுற்று உள்ள பொம்மைக்கு இதைச் செய்யாதீர்கள். பிறகு ஜன்னல் வெயில் படாத அலமாரி.

காட்ஸில்லா பொம்மையை வாங்கிப் பிரிக்காமல் பெட்டியோடு வைத்தால் பத்து வருடத்தில் விலை ஏறுமா?
— தண்டையார்பேட்டை

தபால் நிலையத்தில் ஆர்.டி. கணக்குத் தொடங்குங்கள்.