ஒரே வீடியோ கேம் கன்சோல் ஒரு நாட்டில் தோற்று, இன்னொரு நாட்டில் கொடிகட்டிப் பறப்பது எப்படி?

பெட்டி ஒன்றுதான். ஆனால் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுப்பது விலையும், அந்த ஊரில் அதை விற்றவர்களும்தான். ஜப்பானிய நிறுவனமான சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் கன்சோலைப் பாருங்கள். அமெரிக்காவில் போட்டி நிறுவனமான நின்டெண்டோவுக்கு முன்னால் அது எடுபடவே இல்லை. பிரேசிலிலோ ஒரு தலைமுறையே அதை வைத்துத்தான் வளர்ந்தது.

காரணம், டெக்டாய் என்ற உள்ளூர் பொம்மை நிறுவனம். அங்கே இறக்குமதிப் பொருளுக்கு வரி கடுமை. டெக்டாய் மனௌஸ் நகரின் வரிச்சலுகை மண்டலத்திலேயே தயாரித்து, 1989-ல் கன்சோலைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதோடு நிற்கவில்லை. ‘வொண்டர் பாய்’ வரிசை விளையாட்டு ஒன்றில் நாயகனைத் தூக்கிவிட்டு, பிரேசில் குழந்தைகளின் காமிக்ஸ் செல்லம் மோனிகாவை வைத்தார்கள். வாளுக்குப் பதிலாக அவள் கையில் அவளுடைய நீல முயல் பொம்மை! ‘ஃபான்டசி ஸ்டார்’ என்ற விளையாட்டு முழுவதையும் போர்ச்சுகீசிய மொழியில் கொடுத்தார்கள். வரியைவிட இந்த அக்கறைதான் பெரிய காரணம் என்பேன்.

நின்டெண்டோ அங்கே அதிகாரபூர்வமாக வந்ததே 1993-ல்தான். அதுவரை கிடைத்தவற்றில் நகல் பெட்டிகளே அதிகம். அப்புறம் சேகா கன்சோல் தொழிலையே விட்டது. டெக்டாய் மட்டும் மாஸ்டர் சிஸ்டத்தைப் புதுப்புது வடிவங்களில் விற்றுக்கொண்டே இருந்தது.